எல்லா வீட்டிலும் ஆறு நாற்காலி

பிப்ரவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு அக்கா எழுதுவது. இங்கே நானும் மகனும் மருமகளும் பேத்தியும் படுத்துக்கொள்ளாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்க்கிறாயா, சோம்பல்பட்டு விட்டுவிடுகிறாயா? உன் வீட்டுக்காரரைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டதாக நீயாகப் போய்ச் சொல்லவும் வேண்டாம்.

போனில் பேசினால் என்ன என்கிறான் மகன். உங்கள் வீட்டுப் போன் யார் சட்டைப்பையில் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவர் எடுத்து ஹலோ என்பார், நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். என் எழுத்து கோணல்தான். ஆனால் உனக்குப் பழகிய கோணல்.

விஷயம் இதுதான். கரையின் ஆரோக்கியத்தை அளக்க ஆள் வருகிறார்களாம். எங்கள் தலைவர் வந்து சொன்னார். எதைக் கேட்டாலும் அடுத்த மாதம் என்பதால் அவருக்கு இங்கே வாய்தா என்றுதான் பெயர். கரைக்கு என்ன காய்ச்சலா என்று கேட்டேன். மண்ணை மட்டும் அளக்க மாட்டார்களாம். என்ன தின்கிறோம், என்ன சம்பாதிக்கிறோம், ஒருத்தரை ஒருத்தர் நம்புகிறோமா என்று ஆட்களையும் சேர்த்து அளந்து, நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவார்களாம். அந்த மார்க்கை வைத்துத்தான் கடலைத் தடுக்கும் கருங்கல் சுவர் எந்தக் கரைக்கு என்று முடிவாகுமாம். மழைக்கு முன்னால் கல் வராவிட்டால் எங்கள் முன் வரிசை வீடுகள் போய்விடும். முன் வரிசையில் முதல் வீடு யாருடையது என்று உனக்குத் தெரியும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஆள் வந்தபோது உங்கள் கரையில் என்ன நடந்தது என்பதை நான் மறக்கவில்லை. "ஐயா, வீட்டுக்குள்ள தண்ணி வருது, எங்களுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்று கண்ணைக் கசக்கியது யார்? உன் வீட்டுக்காரர். வழி பண்ணினார்கள். வாழத் தகுதியில்லாத கரை என்று எழுதி, லாரி கொண்டுவந்து, உங்களை எல்லாம் கடல் வாசனைகூட எட்டாத இடத்தில் மாடிமாடியாக அடுக்கினார்கள். கூப்பிடு தூரத்தில் இருந்த தங்கச்சியைப் பார்க்க எனக்கு இப்போது இரண்டு பஸ்.

லாரி ஏறும்போது உன் வீட்டுக்காரர் என்னிடம், "போயிட்டு வரேன் அண்ணி, வலையக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார். "நீ செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம்" என்று அவரிடம் சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.

ஆகவே நாங்கள் அழப்போவதில்லை. இந்தக் கரை கல்லு மாதிரி இருக்கிறது என்று காட்டப்போகிறோம். பதில் எழுது.

இப்படிக்கு,
கரையில் இருக்கும் உன் அக்கா

பிப்ரவரி 27

அன்பு அக்காவுக்கு,

நீயும் வீட்டில் எல்லாரும் சுகமாக இருப்பதைப் படித்ததும் மனசு குளிர்ந்தது. நாங்கள் இருக்கிறோம். என் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறேன். லிஃப்ட் இந்த மாதமும் ஓடவில்லை. மூன்று மாடியும் ஏறித்தான் வருகிறேன். அவருக்கு மூச்சு வாங்குகிறது, அதனால் கீழே இறங்குவதைக் குறைத்துவிட்டார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலில் தெரிவது எதிர் மாடியின் தண்ணீர்க் குழாய்கள்தான். காற்று எந்தப் பக்கம் என்று தினமும் சொல்லிவிடுவார்.

அந்த வலை பத்திரமா என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டதாகவே எழுதச் சொன்னார். எனக்குப் பொய் வராது.

பேத்திக்கு என் முத்தம்.

உன் தங்கை,
மூன்றாம் மாடியிலிருந்து

மார்ச் 20

என் தங்கச்சிக்கு, அக்காவின் விசாரிப்புகள். எனக்கு இடுப்பு ஒரு வாரமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பாய்.

அளக்க வந்தது ஒரு பெண். மெலிந்த பிள்ளை, வெயில் படாத கால், கையில் பலகை மாதிரி ஒரு போன். அதைத் தட்டினால் கேள்வி வருகிறது. கூட ஒருத்தன் குச்சியை நட்டு மண்ணை அளந்துகொண்டே போனான். அவன் எங்களிடம் பேசவில்லை, மண்ணிடமும் பேசவில்லை.

வீட்டில் நாற்காலி இருக்கிறதா, குளிர்பெட்டி இருக்கிறதா, தையல் மிஷின் இருக்கிறதா என்றெல்லாம் கேட்பார்கள் என்று வாய்தா முன்னாலேயே விசாரித்து வந்துவிட்டார். அவர் வாழ்க்கையில் நேரத்துக்குச் செய்த ஒரே வேலை அது. எங்கள் முன் வரிசை முழுவதற்கும் நல்லதாக இருந்தது ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தையல் மிஷின். குளிர்பெட்டி மீன் கம்பெனிக்காரன் தூக்கிப் போட்டது, ஓடாது, ஆனால் துடைத்தால் வெள்ளையாக இருக்கும். அந்தப் பெண் என் வீட்டு முன்வாசல் வழியாக வெளியே போனதும், பின்வாசல் வழியாக நாற்காலி அடுத்த வீட்டுக்குப் போகும். அவள் அங்கே செருப்பைக் கழற்றுவதற்குள் ஆறும் வரிசையாக நிற்கும். குளிர்பெட்டியை என் மகனும் இன்னொருத்தனும் தூக்கினார்கள். தையல் மிஷினுக்கு நானும் ஒரு கை பிடித்தேன். இடுப்பு போனது அதில்தான்.

ஒரு நாற்காலியின் கையில் சூடு பட்ட தழும்பு உண்டு. மூன்று வீடு தாண்டியதும் அந்தப் பெண் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, கூடவே வந்த என்னிடம், "பாட்டி, இந்த நாற்காலி எல்லா வீட்லயும் இருக்கே" என்றாள்.

"ஒரே கடையில வாங்கினோம்மா" என்றேன்.

"இந்தத் தழும்பும் கடையிலயே வருதா?"

"அந்தக் கடைக்காரன் அப்படித்தான் விக்கிறான், என்ன பண்றது."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போனில் தட்டிக்கொண்டாள்.

இதைவிடப் பெரிய சோதனை அதற்கு முன்னாலேயே என் வீட்டில் நடந்தது. பக்கத்து வீட்டாரை எவ்வளவு நம்புகிறீர்கள், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள் என்றாள். என் பக்கத்து வீடு யார்? கோழிக்காரி. என் மகன் தவழும் வயதில் என் வெள்ளைக் கோழியைப் பிடித்துக் குழம்பு வைத்துவிட்டு, இறகை என் வாசலிலேயே கொட்டியவள். அவளுக்கு ஒன்று கொடுப்பதே அதிகம். சுவரை நினைத்துக்கொண்டு ஐந்து என்றேன். அவளும் எனக்கு ஐந்து கொடுத்ததாகக் கேள்வி. அன்றைக்கு இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

கடல் வீட்டுக்குள் வருமா என்றாள். வராது என்றேன். அப்போது என் கட்டிலின் கால்கள் செங்கல் மேல் நின்றுகொண்டிருந்தன. ராத்திரி தண்ணீர் வந்தால் நனையாமல் இருக்கத்தான். எதற்கு என்றாள். கட்டிலுக்கு அடியில் பெருக்க வசதி என்றேன்.

வலை பின்சுவரில் தொங்குகிறது. நான் தொடவில்லை. எலியும் தொடவில்லை.

இப்படிக்கு,
கரையில் இருக்கும் உன் அக்கா

ஏப்ரல் 11

அன்பு அக்காவுக்கு,

இடுப்பு எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடு. இனி தையல் மிஷினெல்லாம் தூக்காதே.

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். அவர் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, முதுகைத் தட்டிவிட வேண்டியதாயிற்று. பிறகு ஒன்று கேட்டார். நீ கோபிப்பாய். இருந்தாலும் எழுதுகிறேன். "அந்த மார்க் கூடினா கல்லா, குறைஞ்சா கல்லான்னு யாராவது கேட்டாங்களா?" என்றார்.

அக்கா, அதை மட்டும் ஒரு தடவை விசாரித்துவிடு.

வலையில் அடிப்பக்கம் மூன்று இடத்தில் கிழிசல் இருக்குமாம். மழைக்கு முன்னால் தானே வந்து முடிச்சுப் போடுவதாகச் சொல்கிறார். டாக்டரிடம் இன்னும் கேட்கவில்லை.

உன் தங்கை,
மூன்றாம் மாடியிலிருந்து

மே 2

தங்கச்சிக்கு, அக்கா எழுதுவது. இடுப்பு தேவலாம். உனக்கு உடம்பு நன்றாக இருக்க வேண்டும்.

அவரிடம் யார் கேட்டது? ஒரு தடவை வாயைத் திறந்து ஒரு கரையையே லாரியில் ஏற்றியாயிற்று. இப்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு எங்கள் கரைக்கும் வாயைத் திறக்கிறார். பரீட்சையில் மார்க் குறைந்தவனுக்கா பரிசு கொடுப்பார்கள்? போன தடவை குறைந்தது, தூக்கினார்கள். இந்தத் தடவை கூடும், நிறுத்துவார்கள். இதில் விசாரிக்க என்ன இருக்கிறது? வாய்தாவிடமும் கேட்டேன். அடுத்த மாதம் தெரியும் என்றார்.

கடல் என் வாசல்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. போன வருஷம் துணி காயப்போட்ட கம்பம் இப்போது தண்ணீருக்குள் நிற்கிறது. கோழிக்காரியின் மாட்டுத்தொட்டி போய்விட்டது. வருத்தமில்லை, மாடு இல்லாத தொட்டிதான்.

வந்து முடிச்சுப் போட வேண்டாம் என்று சொல். இந்த வாசலில் அவர் நிற்கக் கூடாது.

இப்படிக்கு,
கரையில் இருக்கும் உன் அக்கா

ஜூன் 30

தங்கச்சிக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று எனக்கு எப்படித் தெரியும்? பதில் இல்லை. போன கடிதத்துக்குக் கோபமா? நம் வீட்டில் கோபம் வருகிறவள் நான் ஒருத்திதான், உனக்கு அது வராது. தபால்காரர் கடிதம் இல்லை என்று தலையாட்டுவது எனக்குப் பழகிவிட்டது.

மார்க் வந்துவிட்டது. நூற்றுக்கு எண்பத்தொன்று. இந்தப் பக்கத்துக் கரைகளிலேயே நாங்கள்தான் முதல். வாய்தா பலகையில் எழுதி மாட்டினார். பத்திரிகைக்காரன் வந்து, என்னையும் கோழிக்காரியையும் ஒருத்தர் தோளில் ஒருத்தர் கை போடச் சொல்லிப் படம் எடுத்தான். போட்டேன். சுவருக்காக இன்னும் என்னென்ன செய்ய வேண்டுமோ.

மகன் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய் மறுநாள்தான் வந்தான். இன்ஜினுக்கு ஒரு சாமான் தேடி அலைந்தானாம். சாமான் கிடைக்கவில்லையாம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. டீசல் புகை என்றான். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. மருமகளுக்கு ஏதோ தெரியும், ஆனால் என்னிடம் சொல்ல மாட்டாள். அதையும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

கல் வரப்போகிறது. எழுது.

இப்படிக்கு,
கரையில் இருக்கும் உன் அக்கா

ஜூலை 22

அன்பு அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. எண்பத்தொன்று என்றதும் சந்தோஷம்.

எனக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி அலைச்சல் இப்போது இல்லை. அதனால் முழங்காலுக்குக் கொஞ்சம் ஓய்வு. பகலில் நிறைய நேரம் கிடைக்கிறது. ஜன்னல் பக்கம் நான் உட்கார்ந்து பார்த்தேன். காற்று எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

ஆகஸ்ட் 28

தங்கச்சிக்கு, அக்காவின் விசாரிப்புகள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை என்று படித்தேன். நல்லது. அவருக்குச் சரியாகிவிட்டது போலிருக்கிறது. கடிதம் இவ்வளவு சின்னதாக இருந்தால் தபால்தலை வீண், இனிமேல் பக்கத்தை நிரப்பி அனுப்பு.

கல் வந்துவிட்டது. எங்களுக்கு இல்லை.

வாய்தா கூட்டம் போட்டுச் சொன்னார். நலமாக இருக்கிற கரை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளுமாம். மிகவும் மோசமாக இருக்கும் கரைக்குத்தான் முதலில் சுவராம். எண்பத்தொன்று வாங்கிய எங்களுக்குப் பாராட்டுக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். கண்ணாடி போட்டது. அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். கூட்டம் முடிந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"போன தடவை மோசம்னு சொன்னவங்களைத் தூக்கிட்டுப் போனீங்களே."

"அது பழைய திட்டம் பாட்டி. இது புதுசு."

"அந்த நாற்காலி விஷயம் உனக்குத் தெரியும்ல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியும். நீங்க அவ்வளவு ஆசையா சொன்னீங்க. அதைப் பொய்னு எழுத எனக்கு மனசு வரல."

நல்ல பிள்ளைதான். நல்ல மனசால் எங்களை முடித்துவிட்டாள். அவளை என்ன திட்டுவது என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு அப்படி ஆனது இதுதான் முதல் தடவை.

கல் எங்கே போகிறது தெரியுமா? உன் பழைய கரைக்கு. அங்கே ஆள் இல்லை, கூரை இல்லை, நாற்காலி இல்லை. கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் இல்லாததால் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் விழுந்து, அதுதான் கடைசி மார்க். இடிந்த சுவரும் முள்ளும் கிடக்கிற இடத்தில் லாரி லாரியாகக் கருங்கல் கொட்டுகிறார்கள். உன் வீட்டுச் சமையலறைத் தரை இன்னும் இருக்கிறது. அதற்கு நேர் முன்னால் சுவர் எழும்புகிறது, காவல் காப்பதற்கு. கடல் அங்கே முட்டி, கோபித்துக்கொண்டு, இங்கே திரும்புகிறது. ஒரு மாதத்தில் என் வாசல்படி போய்விட்டது.

கூடினால் கல்லா, குறைந்தால் கல்லா என்று ஏப்ரலில் ஒருத்தர் கேட்டார். யார் என்று நான் எழுதப்போவதில்லை.

இப்படிக்கு,
கரையில் இருக்கும் உன் அக்கா

அக்டோபர் 15

என் அன்புத் தங்கச்சிக்கும், வீட்டில் தம்பிக்கும், அக்கா எழுதுவது. நீங்கள் இரண்டு பேரும் சுகமாக இருக்க வேண்டும்.

தம்பி என்று எழுதியதைப் பார்த்து நீ கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். உன் வீட்டுக்காரரை முன்னால் அப்படித்தானே கூப்பிட்டேன். பழைய பழக்கம், கை தானாக எழுதிவிட்டது.

முன் அறை போன வாரம் போனது. நேற்று சமையலறை. மகன் துறைமுகத்தில் கூலிக்குப் போகப் போகிறான். அங்கே ஒரே அறை, அவனும் மருமகளும் பேத்தியும் ஒண்டிக்கொள்ளலாம். என்னையும் வா என்கிறான். மருமகள் வா என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கோழிக்காரி எங்கேயோ அண்ணன் வீட்டுக்குப் போனாள். போகும்போது என்னிடம் வந்து, அந்த வெள்ளைக் கோழி நல்ல ருசி என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். நான் அழவில்லை.

வீட்டிலிருந்து நான் எடுத்தது இரண்டுதான். தழும்பு நாற்காலி ஒன்று. இன்னொன்று பின்சுவரில் தொங்கிய வலை. டிரங்குப் பெட்டியை எடுக்கப் போனவள் ஏன் வலையை எடுத்தேன் என்று தெரியவில்லை. சும்மா கிடக்கிறதே என்று கிழிசலுக்கு முடிச்சுப் போட்டேன். மூன்று இடம் என்றார், நாலு இடம் இருந்தது. என் முடிச்சைப் பார்த்தால் தம்பி குறை சொல்லாமல் இருக்க மாட்டார். சொல்லட்டும்.

உங்கள் வீட்டில் ஒரு பாய் விரிக்க இடம் இருக்குமா? நான் வந்தால் அவர் முகம் சுளிக்காமல் இருப்பாரா என்று கேட்டுச் சொல். என்னைப் பற்றி அவர் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். மறைக்காமல் எழுது.

இப்படிக்கு,
இன்னும் கொஞ்ச நாளைக்குக் கரையில் இருக்கும் உன் அக்கா

அக்டோபர் 29

அக்கா,

நீ வா. பாய் விரிக்க இடம் இருக்கிறது.

அவர் ஜூன் மாதமே போய்விட்டார். நெஞ்சில் நீர் கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். "நீ செத்தாலும் சொல்லி அனுப்பாதே" என்று லாரியடியில் நீ அவரிடம் சொன்னதை அவரே எனக்கு நினைவுபடுத்தினார். "அண்ணி சொன்ன வார்த்தை, மீறாதே" என்றார். கேலியாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. உன் மகன் வந்து எல்லாக் காரியத்தையும் செய்தான். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவனிடமும் மருமகளிடமும் சத்தியம் வாங்கினேன். அவர்களைத் திட்டாதே.

அவர் மனசில் என்ன இருந்தது என்று கேட்டாயே. தினமும் சாயங்காலம், "அண்ணி வீட்டுக்குத் தண்ணி வந்துருச்சாமா?" என்று கேட்பார். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரியில்கூட, "அந்தக் கோழிக்காரிக்கு அஞ்சு கொடுத்ததை இன்னொரு தடவை படி" என்றார். இந்த வாசலில் அவர் நிற்கக் கூடாது என்று எழுதினாயே, அதையும் படித்தேன். "அண்ணிக்குக் குரல் இன்னும் குறையல, அப்ப வீடு நிக்குது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

போன மாதம் இங்கேயும் அளக்க வந்தார்கள், அதே பலகைப் போனோடு. குடியேறியவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கிறார்களாம். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு இரண்டு பேர் என்று சொல்லிவிட்டேன். ஒன்று என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்குப் பொய் வராது என்று உனக்குத் தெரியும். அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. எங்கள் மாடிக்கு நல்ல நிலைமை என்று மார்க் போட்டிருக்கிறார்கள்.

உன் தங்கை

நவம்பர் 8

தங்கச்சி,

உடம்பு எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவும் இல்லை, நான் சொல்லப்போவதும் இல்லை.

எண்ணெய் தேய் என்று சொன்னேன், முக்கால்வாசி நாள் தேய்த்திருக்க மாட்டாய். பக்கத்தை நிரப்பி எழுது என்றேன், எழுதவில்லை. சின்ன வயசிலிருந்து நான் சொன்னது எதை நீ கேட்டிருக்கிறாய்? இந்த ஒரு வார்த்தையை மட்டும் பொறுக்கி எடுத்து, எழுத்துப் பிசகாமல் கேட்டு நடந்தாயே. இதை நான் மறக்க மாட்டேன். என் மகனும் மருமகளும் கூட்டு. அவர்களையும் மறக்க மாட்டேன். தம்பியை என்ன செய்வது? அவர் மேல் எட்டு வருஷம் வைத்திருந்த கோபம் அப்படியே இருக்கிறது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

கடிதம் வந்த அன்றைக்கு வலையைத் தூக்கிக்கொண்டு உங்கள் பழைய கரைக்குப் போனேன். சுவர் முடிந்துவிட்டது. ஆள் உயரம், வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கிறார்கள். உன் சமையலறைத் தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. வலையை அந்தக் கல் மேல் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். போடவில்லை. நாலு முடிச்சு என் கையால் போட்டது.

எங்கள் முன் வரிசையில் இனி வீடு இல்லை. அடுத்த வருஷம் அளக்க வந்தால் எங்களுக்கும் பூஜ்யம் விழும், அப்போது கல் வரும் என்கிறார் வாய்தா. அவர் சொன்ன நேரத்துக்கு நடக்கப்போவது இது ஒன்றாகத்தான் இருக்கும்.

வியாழக்கிழமை பஸ்ஸில் ஏறுகிறேன். நாற்காலியைப் பஸ்காரன் ஏற்ற மாட்டான் என்று மகன் சொல்கிறான். ஏற்றுவான். வலையும் வரும். அதை மூன்றாம் மாடியில் எங்கே தொங்கவிடுவாய் என்று இப்போதே யோசித்து வை. ஜன்னல் பக்கம் வேண்டாம்.

வீட்டில் இரண்டு பேர் என்று அந்தப் பலகைப் போனில் சொன்னாயே, அதை மாற்றிச் சொல்ல வேண்டாம். மறுபடி கேட்க வந்தால் கதவை நான் திறக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா